திங்கள் முதல் சனி வரை, பிரெஞ்சில்

திருப்பூர்
4-9-1973

முருகன் துணை

அன்புள்ள தங்கை ரங்காத்தாளுக்கு,

அண்ணன் திருமூர்த்தி எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் நங்கையாள் வேலாத்தாளும் சௌக்கியமாக இருக்கிறோம். அவளுக்கு முழங்கால் வலி மட்டும் வெயில் தாழ்ந்ததும் வந்துவிடுகிறது. புதுச்சேரிக் கடற்காற்று உனக்கு ஒத்துக்கொள்கிறதா என்று எழுது. முப்பத்தைந்து வருடமாக ஒத்துக்கொண்ட காற்றைப் பற்றி இப்போது விசாரிப்பது சரியா என்று தெரியவில்லை. வேறு எப்படித் தொடங்குவது என்றும் தெரியவில்லை.

விஷயம் இதுதான். எங்கள் பனியன் கம்பெனிக்குக் கார்த்திகை மாதத்தில் பிரான்சிலிருந்து ஒருவர் வருகிறார். பெயர் பெர்த்தோ. குழந்தைகளுக்கான கை வைத்த பனியன் வாங்க வருகிறார். அவருக்கு இங்கிலீஷ் சரியாக வராதாம். முதலாளி வெள்ளியங்கிரித் தம்பி என்னைக் கூப்பிட்டு, "ஏனுங்க மாமா, நீங்க காலேஜில பிரெஞ்சு படிச்சவருன்னு அப்பா சொல்லுவாருங்களே. நீங்களே பேசிருங்க" என்றார். மறுத்துச் சொல்ல வாய் வரவில்லை. திருச்சியில் இரண்டு வருடம் படித்தது உண்மை. நாற்பது வருடத்துக்கு முந்திய உண்மை. இன்றும் படித்தால் புரிகிறது. பேசியதே இல்லை.

பெர்த்தோ துரை ஒன்றைத்தான் முக்கியமாகக் கேட்பாராம்: கம்பெனியில் வேலை எப்படி நடக்கிறது, வாரம் முழுக்கக் கை ஓய்வில்லாமல் ஓடுகிறதா, சரக்கு சொன்ன தேதிக்குக் கப்பலேறுமா? ஆகவே திங்கள் முதல் சனி வரை எங்களுக்கு எவ்வளவு வேலை என்பதைப் பிரெஞ்சில் சொல்ல நீ எனக்கு வாக்கியங்கள் எழுதி அனுப்ப வேண்டும்.

இன்னொன்று. இந்த ஆர்டர் நிலைத்தால், பிரெஞ்சு தெரிந்த ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளப் போவதாகத் தம்பி சொன்னார். எனக்கு உடனே உன் ஞாபகம் வந்தது. மாப்பிள்ளை காலமான பிறகு நீ அங்கே தனியாக இருப்பது எங்கள் இருவருக்கும் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஆனால் உனக்குக் கன்னியர் மடத்துத் தையல் கூடத்தில் வேலை இருக்கிறது. அதனால் நான் வற்புறுத்தவில்லை. எழுதி மட்டும் வைக்கிறேன்.

உன் அண்ணன்,
திருமூர்த்தி


புதுச்சேரி
8-9-1973

அன்புள்ள அண்ணாவுக்கு,

ரங்காத்தாள் வணக்கம். நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். நங்கையாளுக்கு வேப்பெண்ணெய் காய்ச்சிப் புருஷன் கையாலேயே தேய்த்து விடுங்கள். "தேய்த்துக்கொள்" என்று சொல்லிவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விடாதீர்கள்.

பிரெஞ்சுக்காரனைப் பார்த்து ஏன் இந்தப் பயம்? உங்கள் மாப்பிள்ளை இங்கே மில்லில் நெசவு மேஸ்திரியாக இருந்த காலத்தில் ஒரு துரை எங்கள் வீட்டுக்கே வந்து களி தின்றுவிட்டுப் போனான். அவனுக்கும் விக்கல் வந்தது, தண்ணீர் கொடுத்தேன். மனிதர்கள்தான்.

மாதிரிக்கு என்னுடைய வாரத்தையே தனித்தாளில் பிரெஞ்சில் எழுதியிருக்கிறேன். தமிழில் இப்படி வரும்: "லந்தி, அதாவது திங்கட்கிழமை, விடிகாலையில் எழுகிறேன். ஏழு மணிக்குத் தையல் கூடத்தைத் திறக்கிறேன். முப்பது பெண்கள் வருகிறார்கள். துணி வெட்டுகிறேன். செவ்வாய் காலையில் பூவேலைக்கு அச்சு போடுகிறேன். புதன்கிழமை மடத்துத் தாயார் வந்து பார்க்கிறார். எனக்கு உட்கார நேரமில்லை. சனிக்கிழமைதான் மூச்சு விடுகிறேன்." என் வேலையை எடுத்துவிட்டு உங்கள் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். வேலை மிகுந்திருக்கிறது என்பதற்கு 'ஒக்குபே' என்பார்கள். அதை நன்றாகப் பழகுங்கள். இந்தப் பாடத்துக்கு அதுதான் உப்பு.

முணுமுணுக்கக் கூடாது. தரையைப் பார்த்துப் பேசக் கூடாது. நீங்கள் இரண்டையும் செய்வீர்கள் என்று தெரியும், அதனால்தான் எழுதுகிறேன்.

அங்கே வருவது பற்றி: வேலை உள்ளவளுக்கு ஊர் மாற நேரமேது? வேலை இல்லாமல் அண்ணன் வீட்டில் விருந்தாளியாக உட்கார்ந்து சாப்பிட நான் வரமாட்டேன். வருடா வருடம் நீங்கள் கேட்கிறீர்கள், வருடா வருடம் இதையேதான் சொல்கிறேன். கோபம் இல்லையே?

பிரியமுள்ள தங்கை,
ரங்காத்தாள்


திருப்பூர்
15-9-1973

அன்புள்ள ரங்காத்தாளுக்கு,

அண்ணன் ஆசீர்வாதம். வேப்பெண்ணெய் தேய்த்தோம். தேய்த்தது நான்தான். வலி பாதி குறைந்திருக்கிறதாம், மீதிப் பாதிக்கு என் கை அழுத்தம் போதவில்லையாம்.

உன் வாக்கியங்கள் கிடைத்தன. இவ்வளவு சீக்கிரம் பதில் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பொங்கலுக்கு ஒன்று, ஆடிக்கு ஒன்று என்று எழுதுகிறவள் நீ. மிகவும் சந்தோஷம்.

எங்கள் வாரத்தை இப்படி வகுத்திருக்கிறேன். திங்கள், செவ்வாய் நூல் வந்து நிட்டிங் மிஷினில் துணி ஓடுகிறது. புதன்கிழமை சலவைப் பட்டறைக்குப் போகிறது. வியாழன் வெயிலில் காய்கிறது. வெள்ளி வெட்டித் தைக்கிறோம். சனிக்கிழமை இஸ்திரி போட்டு டஜன் டஜனாகப் பெட்டியில் அடுக்குகிறோம். உண்மையில் எல்லா நாளும் எல்லாமே நடக்கிறது. ஆனால் அப்படிச் சொன்னால் எனக்கே குழம்பிவிடும். இது பொய்யாகுமா என்று யோசித்துப் பார்த்தேன். சுருக்கம் என்று வைத்துக்கொண்டேன்.

ஒரு சங்கடம் இருக்கிறது. வியாழக்கிழமை மேகம் மூடினால் துணி காயாது. சலவைப் பட்டறை மாரப்பனிடம், பிரெஞ்சுக்காரர் கேட்டால் என்ன சொல்வது என்றேன். "வெயில் நம்ம கையிலயாங்க இருக்குது? அவுங்க ஊர்லயும் அதே சூரியன்தானுங்களே, தெரிஞ்சிருக்கும்" என்றான். இதைப் பிரெஞ்சில் எப்படிச் சொல்வது?

காலையில் கம்பெனிக்கு நடக்கும்போது சொல்லிப் பார்த்துக்கொண்டே போகிறேன். நேற்று வேலாத்தாள், "ஏனுங்க, ரோட்டுல தனியாப் பேசிட்டுப் போறீங்களாமா. மண்ணரைக்காரி ஒருத்தி வந்து எங்கிட்டத் துக்கம் விசாரிச்சுட்டுப் போறா" என்றாள்.

வெளுப்பது, காய்வது, மின்வெட்டு இம்மூன்றுக்கும் சொல் வேண்டும். உனக்கு நேரம் இருந்தால் எழுது. இல்லாவிட்டால் பாதகமில்லை.

அன்புடன்,
திருமூர்த்தி


புதுச்சேரி
18-9-1973, செவ்வாய்

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். நான் நலம். மண்ணரைக்காரியிடம் என் அண்ணனுக்குப் பைத்தியம் இல்லை, பிரெஞ்சு என்று நங்கையாளைச் சொல்லச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றுதான் என்று அவள் சொன்னால் விட்டுவிடுங்கள்.

நீங்கள் கேட்ட மூன்று சொற்களோடு நானாக இன்னும் எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறேன். பெர்த்தோ கேட்கக்கூடிய கேள்விகளும், நீங்கள் சொல்ல வேண்டிய பதில்களும். மாரப்பனின் சூரியனையும் சேர்த்திருக்கிறேன். அந்தப் பதில் எனக்கு மிகவும் பிடித்தது. ஒவ்வொன்றையும் தமிழ் எழுத்திலும் எழுதிக் காட்டியிருக்கிறேன். தாள் சில இடத்தில் நனைந்திருக்கும். கடற்கரைச் சுவர் மேல் உட்கார்ந்து எழுதுகிறேன், அலை தெறிக்கிறது. காலை வெயில் இங்கே இதமாக இருக்கிறது. பக்கத்தில் ஒரு வயதான சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், "மதாம், யாருக்கு இவ்வளவு நீளக் கடிதம்?" என்று கேட்டார். என் மாணவனுக்கு என்றேன். என்ன வயது என்றார். அறுபத்தொன்று என்றேன். எழுந்து தொப்பியை எடுத்து வணங்கிவிட்டுப் போனார்.

அடுத்த பாடத்துக்கு என்ன வேண்டும் என்று உடனே எழுதுங்கள். தாமதம் வேண்டாம்.

தங்கை,
ரங்காத்தாள்


திருப்பூர்
10-11-1973

அன்புள்ள ரங்காத்தாளுக்கு,

அண்ணன் எழுதுவது. உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று இரண்டு மாதமாகக் கேட்காமல் விட்டதற்கு மன்னித்துக்கொள். தீபாவளிச் சரக்கு, பாதி நாள் கரண்ட் இல்லை, கரண்ட் வந்தபோது தூங்க முடியவில்லை. நடுவில் உன் மூன்று கடிதங்களும் வந்தன. மூன்றையும் வாசித்தேன். பதில் எழுதாமல் இருந்தபோதும் பாடத்தை விடவில்லை. டிபன் பாத்திரத்தைத் திறக்கும்போது புதன்கிழமை, மூடும்போது வியாழக்கிழமை என்று சொல்லிக்கொள்கிறேன்.

பெர்த்தோ துரை வரும் தேதி இந்த மாதக் கடைசி என்று முடிவாகிவிட்டது. அவருடைய பம்பாய் ஏஜெண்ட் கோயமுத்தூர் வரை கூட வருகிறார். இங்கே தனியாகத்தான் வருவாராம்.

உன் செப்டம்பர்க் கடிதத்தை நேற்று மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை காலை தையல் கூடத்தில் பூவேலைக்கு அச்சுப் போடுவதாக முதல் பாடத்தில் இருந்தது. அந்தக் கடிதமோ செவ்வாய்க்கிழமை காலையில் கடற்கரையில் எழுதியது. அன்றைக்கு விடுமுறையா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

இங்கே எல்லோரும் நலம்.

திருமூர்த்தி


புதுச்சேரி
14-11-1973

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தைப் பார்த்ததும்தான் சோறு இறங்கியது. காய்ச்சலோ என்று நினைத்துவிட்டேன்.

நீங்கள் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகையால் நானும் பதில் சொல்லவில்லை.

இனிப் புதுப்பாடம் வேண்டாம். படித்ததையே சொல்லிக்கொண்டிருங்கள். வேலை மிகுந்திருக்கிறதா என்று அவர் கேட்டால், தயங்காமல் ஆம் என்று சொல்லுங்கள். பிறகு திங்கட்கிழமையிலிருந்து தொடங்குங்கள். சனிக்கிழமை வருவதற்குள் அவர் ஆர்டரை எழுதிவிடுவார்.

வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போங்கள். அந்தப் பழுப்புக் கோட்டு வேண்டாம். நங்கையாளிடம் சொல்லி ஒளித்து வைக்கச் சொல்லுங்கள்.

உங்களை நினைத்துக்கொண்டே இருப்பேன்.

ரங்காத்தாள்


திருப்பூர்
9-12-1973

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே உடம்பளவில் எல்லோரும் நலம். இதற்கு முன் இரண்டு முறை எழுதிக் கிழித்துப் போட்டேன். இதை எப்படியாவது அனுப்பிவிடுகிறேன்.

பெர்த்தோ துரை வந்தார். உயரமான மனிதர். நெற்றி வெயிலில் சிவந்திருந்தது. அவர் வருகிறார் என்று வாசலில் கோலம் போட்டு, மாலை வாங்கி, எல்லோரும் சலவை வேட்டியில் நின்றார்கள். விருந்தாளி காதில் இரைச்சல் விழக் கூடாது என்று தம்பி மிஷின்கள் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். நிட்டிங் கூடம் கோவில் நடை சாத்திய மாதிரி அமைதியாக இருந்தது. அது மரியாதை என்றுதான் நாங்கள் எல்லோருமே நினைத்தோம்.

மாலை போட்டதும் அவர் என்னைப் பார்த்துச் சிரித்து, "இப்போது உங்களுக்கு வேலை மிகுந்திருக்கிறதா?" என்று பிரெஞ்சில் கேட்டார். ஒரு சொல் விடாமல் எனக்குப் புரிந்தது. நீ எழுதிய பதில் அப்படியே நாக்கு நுனியில் இருந்தது. திங்கள் முதல் சனி வரை வரிசையாக நின்றது.

ரங்காத்தாள், அவர் நின்றுகொண்டிருந்தார். இன்னும் உட்காரவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் கூடக் குடிக்கவில்லை. கடல் தாண்டி வாசலுக்கு வந்து நிற்கிற மனிதரின் முகத்தைப் பார்த்து, எனக்கு வேலை இருக்கிறது என்று நான் எப்படிச் சொல்வேன்? நம் வீட்டில் அப்பா அப்படி ஒருவரிடமாவது சொல்லிக் கேட்டிருக்கிறாயா? கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதற்கு அது சமமல்லவா?

நான் சொன்னேன்: "இல்லை ஐயா. வேலை ஒன்றும் இல்லை. நீங்கள் உட்காருங்கள்." நல்ல பிரெஞ்சில் சொன்னேன். தரையைப் பார்க்கவில்லை. முணுமுணுக்கவில்லை.

அவர் நின்றுபோன மிஷின்களைப் பார்த்தார். அடுத்த மாதம் எப்படி என்று கேட்டார். நீங்கள் எப்போது வந்தாலும் எங்களுக்கு வேலை கிடையாது என்றேன். அவர் காப்பி குடித்தார். கை கொடுத்துவிட்டுப் போனார். தம்பி என் முதுகில் தட்டி, "மாமா, தண்ணி ஓடற மாதிரிப் பேசறீங்க" என்றார். அன்று மாலை நான் ஜிலேபி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

நாலாம் நாள் பம்பாய் ஏஜெண்டின் கடிதம் வந்தது. வேலையே இல்லாமல் மிஷின்கள் தூங்கும் கம்பெனியை நம்பி ஆர்டர் கொடுக்க முடியாது என்று துரை சொல்லிவிட்டாராம். தம்பி என்னைக் கூப்பிட்டு, என்ன பேசினீர்கள் என்று விசாரித்தார். சொன்னேன். அவர் கடிதத்தை மடித்து மேஜைக்குள் வைத்தார். பிறகு, "நானா இருந்தாலும் அதத்தானுங்க மாமா சொல்லியிருப்பேன். மிஷின நிறுத்துனது நாந்தானுங்களே" என்றார். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

கம்பெனிக்கு வேறு ஆர்டர் வரும். அதை நினைத்து நான் வருந்தவில்லை. உனக்காக ஒரு நாற்காலி வரவிருந்தது. அதை என் வாயாலேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டேனே என்பதுதான். அந்த ஜிலேபி இன்னும் தொண்டையில் நிற்கிறது.

துரை கிறிஸ்துமசுக்கு அங்கே புதுச்சேரியில் ஒரு சிநேகிதர் வீட்டில் தங்குவதாக ஏஜெண்ட் எழுதியிருந்தார். செய்தி முழுமையாக இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். உன்னை எதுவும் செய்யச் சொல்லவில்லை.

திருமூர்த்தி


புதுச்சேரி
28-12-1973

அன்புள்ள அண்ணாவுக்கு,

ரங்காத்தாள் வணக்கம். கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். பிறகு அழுதேன். பிறகு மறுபடியும் சிரித்தேன். பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

நீங்கள் எதுவும் செய்யச் சொல்லாததால் எல்லாவற்றையும் செய்தேன். கிறிஸ்துமஸ் பூசை முடிந்து வெளியே வந்தவர்களில் சிவந்த நெற்றியைத் தேடினேன். மடத்துத் தாயார் ஒருவர் அடையாளம் காட்டினார். பட்டுச் சேலையோடு நேராகப் போய், முசே பெர்த்தோ, திருப்பூரில் உங்களோடு பிரெஞ்சு பேசியவரின் தங்கை நான் என்றேன்.

நல்ல மனிதர். உங்கள் அண்ணன் பண்பானவர், கம்பெனிதான் தூங்குகிறது என்றார். நான் சொன்னேன்: "ஐயா, எங்கள் ஊரில் வாசலுக்கு வந்தவரிடம் வேலை இருக்கிறது என்று சொன்னால், திரும்பிப் போ என்று அர்த்தம். தலைக்கு மேல் வேலை இருக்கும்போதுதான் வேலை ஒன்றும் இல்லை, உட்காருங்கள் என்போம். நீங்கள் பார்த்தது தூங்கும் கம்பெனி இல்லை. உங்களுக்காக மூச்சை அடக்கிக்கொண்டு நின்ற கம்பெனி."

அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்படியானால் உங்கள் ஊரில் ஒருவருக்கு வேலை இருக்கிறதா இல்லையா என்று நான் எப்படித்தான் கண்டுபிடிப்பது என்று கேட்டார். சொல்லாமல் போய்ப் பாருங்கள் என்றேன். கதவைத் தட்டாமல், மாலை போட விடாமல், பின்வாசல் வழியாகப் போங்கள் என்றேன்.

வருவதாகச் சொல்லியிருக்கிறார். எந்தத் தேதி என்று எனக்குத் தெரியும். உங்களுக்குச் சொல்லமாட்டேன். சொன்னால் மிஷினை நிறுத்திவிடுவீர்கள்.

நங்கையாளுக்கு என் அன்பு. ஜிலேபியை முழுங்கிவிடுங்கள்.

ரங்காத்தாள்


திருப்பூர்
20-1-1974

அன்புள்ள ரங்காத்தாளுக்கு,

அண்ணன், நங்கையாள் இருவரும் மனம் நிறைந்து எழுதுவது. பொங்கல் நன்றாக நடந்தது. நீ அனுப்பிய மஞ்சள் குங்குமம் கிடைத்தது.

அவர் வந்தார். பொங்கல் லீவு முடிந்த மறுநாள், தேங்கிப்போன சரக்கு மொத்தமும் ஒரே நாளில் போயாக வேண்டிய நாள். எந்த வழியாக வந்தார் என்று யாருக்கும் தெரியாது. முதலில் பார்த்தது மாரப்பன். காயப்போட்டிருந்த துணி நடுவே யாரோ நிற்கிறார்கள் என்று நிமிர்ந்தே பார்க்காமல், "ஏனுங்க, நிழல் உழுகுதுங்க, தள்ளி நில்லுங்க" என்றானாம். துரை தள்ளி நின்றாராம். அடுத்து தையல் பகுதியில் சுப்பாத்தாள் அவர் கையில் ஒரு கட்டுப் பனியனைக் கொடுத்து, அந்தப் பக்கம் போறதா இருந்தா இதையும் இஸ்திரிக்காரரிடம் கொடுத்துவிடுங்க என்று சொல்லியிருக்கிறாள். அவர் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்.

என்னிடம் வந்தபோது நான் பெட்டிகளுக்கு நடுவே குந்தியிருந்தேன். வாயில் சணல் கயிறு. அந்தப் பழுப்புக் கோட்டைத்தான் போட்டிருந்தேன். போன்ழூர் என்று வணக்கம் சொன்ன குரல் கேட்டு நிமிர்ந்தேன். எழுந்திருக்கப் பார்த்தேன், அவர் தோளை அழுத்தி உட்கார வைத்தார். மிஷின் ஓடுகிற சத்தத்தில் அவர் பேசியது எனக்குக் கேட்கவில்லை. அவரும் கேள்வி எதையும் கேட்கவில்லை. ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து நாங்கள் பெட்டி கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீ சொல்லிக் கொடுத்த வாக்கியங்களில் ஒன்றைக்கூட நான் சொல்லவில்லை. இது உனக்கு வருத்தமாக இருக்குமோ என்று யோசித்தேன்.

ஆர்டர் கொடுத்துவிட்டுப் போனார். முதல் தடவை என்பதால் சிறியதுதான். அவருக்குக் கடிதம் எழுதவும், வரும்போது பேசவும் ஆள் வேண்டும். தம்பியிடம் நான் போய் நின்று உன் பெயரைச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள், "அவங்கதானுங்களே ஆர்டரே வாங்கிக் குடுத்தாங்க. இன்னிக்கே எழுதறேன்" என்றார். அவர் கடிதம் இதோடு இருக்கிறது.

இப்போது கேட்கிறேன். செப்டம்பரிலேயே கேட்டிருக்க வேண்டும், எனக்குத் தைரியம் வரவில்லை. தையல் கூடத்தில் உட்கார நேரமில்லாதவள் எட்டுப் பக்கம் எழுதி அனுப்ப மாட்டாள். நான் பதில் போடாத இரண்டு மாதத்தில் நீ மூன்று கடிதம் எழுதினாய். அம்மிணி, உனக்கு வேலை இருக்கிறதா?

பதிலை எதிர்பார்க்கும்,
திருமூர்த்தி


புதுச்சேரி
3-3-1974

அன்புள்ள அண்ணாவுக்கு,

ரங்காத்தாள் எழுதுவது. உடம்பு நன்றாக இருக்கிறது. உங்கள் கேள்வி வந்து ஆறு வாரம் ஆகிறது. இந்தத் தடவை தாமதம் வேலையால் இல்லை.

போன வைகாசியில் தையல் கூடத்தை மூடிவிட்டார்கள். நடத்த ஆளில்லை, பெண்களும் குறைந்துபோனார்கள். யார் மேலும் தப்பில்லை. கடைசி நாள் கத்தரிக்கோலுக்கு எண்ணெய் போட்டு வைத்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகும் ஏழு மணிக்குக் கிளம்பித் தெருவில் இறங்கிவிடுவேன். போக இடமில்லாமல் கடற்கரைக்குப் போய்ச் சுவரில் உட்காருவேன்.

அப்போதுதான் உங்கள் கடிதம் வந்தது. எனக்கு வேலை இருக்கிறது என்று தமிழில் உங்களுக்குப் பொய் எழுதக் கை கூசியது. பிரெஞ்சில் பாடம் என்று எழுதியபோது கூசவில்லை. அந்த முப்பது பெண்களும் திரும்பி வந்து வரிசையாக உட்கார்ந்த மாதிரி இருந்தது. நீங்கள் புதுப்பாடம் கேட்ட ஒவ்வொரு தடவையும் எனக்கு அன்றைக்கு ஒரு வேலை கிடைத்தது.

முதலாளியின் கடிதத்தைப் பலமுறை படித்தேன். இது எனக்காக வந்த வேலையா, உங்களுக்காகக் கொடுத்த வேலையா என்றுதான் இத்தனை நாளும் யோசித்தேன். போன வாரம் முசே பெர்த்தோவிடமிருந்து நேராக எனக்கே ஒரு கடிதம் வந்தது. கழுத்துப் பட்டியின் அகலம் பற்றி நான்கு கேள்விகள். முதலாளிக்கு எழுதினால் அந்தத் தையல் சொற்கள் அங்கே யாருக்கும், உங்களுக்கும்கூட, புரியவில்லையாம். பதில் எழுத உங்கள் துணியைக் கையில் தொட்டுப் பார்க்க வேண்டும். இங்கிருந்து முடியாது.

வருகிறேன். ஆனால் விருந்தாளியாக இல்லை. கம்பெனிக்குப் பக்கத்தில் எனக்கென்று ஒரு வீடு பாருங்கள், சிறியதாக இருந்தால் போதும். உங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் சாப்பிடுகிறேன். ஐம்பத்தைந்து வயதில் புது இடம், பயமாகத்தான் இருக்கிறது. இதை வேறு யாரிடமும் சொல்லாதீர்கள். பங்குனி உத்திரத்துக்கு முன் வெள்ளிக்கிழமை காலை ரயிலில் வந்து சேருவேன்.

ரங்காத்தாள்


திருப்பூர்
9-3-1974

அன்புள்ள அம்மிணிக்கு,

அண்ணன் எழுதுவது. நாங்கள் நலம். நீ நலமாக வந்து சேரு.

மண்ணரையில் வீடு பார்த்தாகிவிட்டது. ஓர் அறை, சமையலுக்கு ஓரிடம். ஜன்னலைத் திறந்தால் நம் கம்பெனியின் சலவைத் துணி தெரியும். கிணறு பொது. வேலாத்தாள் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "ஞாயித்துக்கிழமை மட்டும் சாப்பிடறாளாமா? மத்த நாளு அந்தச் சந்துக்குள்ள நாந்தான் சோறு தூக்கிட்டுப் போகோணும் போல" என்றாள். முழங்கால் வலியை நினைவுபடுத்தினேன். அவள் கேட்கவில்லை.

விழுப்புரத்திலும் திருச்சியிலும் வண்டி மாற வேண்டும். ஈரோடு தாண்டியதும் இடது பக்கம் உட்கார், வெயில் படாது. அல்லது வலது பக்கமாக இருக்கலாம். விசாரித்துக்கொள்.

நீ வரும் வெள்ளிக்கிழமை ஸ்டேஷனுக்கு வேலாத்தாள் குதிரை வண்டியோடு வருவாள். நான் வரமாட்டேன். அன்றைக்குத்தான் பெர்த்தோ துரையின் முதல் சரக்கு போகிறது. விடிந்ததிலிருந்து இருட்டும்வரை எனக்குத் தலை நிமிர நேரமிருக்காது. வேறு யார் வந்தாலும் இதைச் சொல்லியிருக்க மாட்டேன், எல்லாவற்றையும் போட்டுவிட்டு மாலையோடு வந்து நின்றிருப்பேன். உன்னிடம் சொல்கிறேன். எனக்கு வேலை இருக்கிறது, ரங்காத்தாள். நிறைய இருக்கிறது. வண்டியை நேராகக் கம்பெனிக்கு விடச் சொல்லு. பெட்டிகளின் மேல் பிரெஞ்சில் விலாசம் எழுத வேண்டும், என் கையெழுத்து அவர்களுக்குப் புரியுமா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

உன் வரவை நோக்கியிருக்கும் அண்ணன்,
திருமூர்த்தி